ஒட்டுக்குக் கீழே முளைத்த மா

மனோகரன் செடி வளர்க்கிற ஆள் இல்லை. செனாய் ஊரில் அவர் இருக்கும் தாமான் குடியிருப்பில் வரிசையின் கடைசி வீடு அவருடையது. கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் பத்தடி அகலத்துக்கு நிலம் சேர்ந்து கிடைத்திருந்தது. இருபது வருடமாக அந்த நிலத்தில் ஒரு துணிக்கொடியும், ஓடாத வாஷிங் மெஷினும், மகள் லோஷினி சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளும்தான் இருந்தன. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒன்பது பழக்கன்றுகளைக் காருக்குள் திணித்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்சீட்டு ஜன்னலில் ஒரு பலாக்கன்று தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுச் சீனர் கேட்டைப் பிடித்தபடி நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷனுக்குத் தோட்டம் போடும் ஆசை வந்துவிட்டது என்று தாமானில் பேசிக்கொண்டார்கள். ஆசை என்று ஒன்றும் வரவில்லை. ஒரு கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 2021 ஆகஸ்டில், அவருடைய மனைவி தனலெட்சுமி கோவிட்டில் இறந்துபோனாள். ஆம்புலன்சில் ஏறும்போது, "அடுப்புல ரசம் இருக்கு, சூடு பண்ணிக்குங்க" என்று சொன்னாள். ரசம் இரண்டு நாள் வந்தது. அவள் பதினோரு நாள் இருந்தாள். மனோகரனுக்கும் நோய் கண்டிருந்ததால் வாசலைத் தாண்டக் கூடாது என்று கையில் பட்டை கட்டியிருந்தார்கள். மகள் சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடிக் கிடந்தது. ஜொகூர் பாருவில் நடந்த தகனத்தைத் தனத்தின் அண்ணன் தள்ளி நின்று கைப்பேசியில் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய நீளமான ஒன்றை நான்கு பேர் தூக்கிப் போனார்கள். தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தன் பக்கம் ஒலி அணைந்திருந்ததை மனோகரன் கவனித்தார். அதனால் ஒன்றும் குறையவில்லை. அவர் எதுவும் பேசியிருக்கவில்லை.

நோய் போனபோது அவருடைய நாக்கின் ருசியையும் கொண்டுபோயிற்று. மாதக்கணக்கில் சோறு சோறாக இல்லை, ஈரமான ஏதோ ஒன்றாக இருந்தது. டாக்டர் வரும் என்றார். வரவில்லை. மனோகரன் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் வேலை செய்வது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க்கிடங்கில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் அரைமணி நேரத்துக்கு விரல்கள் இருப்பதே தெரியாது. பிறகு தெரியும். நாக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது என்று இருந்துவிட்டார்.

அந்த வருடம் தீபாவளி கிடையாது. ஆனால் தீபாவளிக்கு முந்திய நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்காமல் இருக்க முடியாது. போனவர்களுக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். அவருடைய அப்பாவுக்கு ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், அம்மாவுக்கு நெத்திலிப் பொரியல் என்று வருடா வருடம் தனம்தான் நினைவாக வைப்பாள். இந்த முறை மனோகரன் சாப்பாட்டைக் கடையில் சொல்லி வாங்கினார். பேரங்காடியில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கினார். லோஷினி வீடியோவில் வந்தாள்.

"கேமராவை இலை மேல காட்டுங்கப்பா."

காட்டினார்.

"ஆப்பிள் யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"அம்மா ஆப்பிள் சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா? பல்லுல மாட்டிக்கும்னு எனக்குத் தள்ளி விட்ருவாங்க."

"அப்ப ஆரஞ்சு."

"ஆரஞ்சு சீனப் பெருநாளுக்கு வர்றதுப்பா. அது யாருக்கும் பிடிச்சு வர்றதில்ல. அம்மாவுக்கு என்ன பழம் பிடிக்கும்?"

மனோகரன் யோசித்தார். தனம் பழம் நறுக்குவது நன்றாக நினைவிருந்தது. பலாச்சுளையைப் பிரித்துத் தட்டில் அடுக்குவாள். பப்பாளியைக் கட்டம் கட்டமாக வெட்டி முள்கரண்டி குத்திக் கொடுப்பாள். அப்புறம் பாத்திரம் கழுவுமிடத்தில் நின்றபடி கொட்டையைச் சப்புவாள், தோலில் ஒட்டியதைச் சுரண்டுவாள். தட்டில் இருந்து எடுத்து ஒரு துண்டை வாயில் போட்ட காட்சி ஒன்றுகூட வரவில்லை.

"எல்லாம் சாப்பிடுவா," என்றார்.

"எல்லாம்னு ஒரு பழம் இல்ல. பேரு சொல்லுங்க."

கைப்பேசியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கி, திரையில் தரையின் மொசைக் தெரிந்தது.

"இருவத்தாறு வருஷம்பா. ஒரு பழம் தெரியல உங்களுக்கு," என்றாள் லோஷினி. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னிக்குத் தெரியுதோ அன்னிக்குச் சொல்லுங்க, வந்து கும்பிடுறேன். அது வரைக்கும் படையலுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. யாரோ ஒருத்தருக்குப் படைக்கிற மாதிரி இருக்கு."

அந்த வாரச் சனிக்கிழமைதான் லாயாங் லாயாங் ஊருக்குப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தனத்தின் அண்ணன் வீடு. கூடப் பிறந்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார். மச்சான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"பழமா? நாங்க எட்டுப் பேரு மச்சான். எது கெடைக்குதோ அது பிடிக்கும். பிடிக்கலைன்னு சொன்னா அடுத்தவன் எடுத்துக்குவான்."

"தனம் எதுக்காவது சண்டை போட்டிருப்பாளே."

"அது சண்டையே போடாது. அதனாலதான் உங்க வீட்டுக்கு ஏத்த பொண்ணுன்னு கொடுத்தோம்."

திரும்பும் வழியில் சாலையோரமாக ஒரு நர்சரி. கறுப்பு வலைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் படம் போட்ட அட்டை. பழுத்த மாம்பழம், பிளந்த டுரியான், சிவப்பு ரம்புத்தான். அவர் காரை நிறுத்தியதற்குக் காரணம் அந்த அட்டைகள்தான். இத்தனை பழத்தில் ஏதோ ஒன்று அவளுடையது. எது என்றுதான் தெரியாது.

நர்சரியில் இருந்தவர் பெயர் காளிதாஸ். முழங்கால் வரை சேறு, வாயில் பல்குச்சி.

"என்னா பாக்குறீங்கண்ணே?"

"எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வேணும்."

"எத்தனை ஏக்கரு?"

"பத்தடி."

காளிதாஸ் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "பத்தடில துணி காயப் போடலாம்ணே. டுரியான் போட முடியாது. நாளைக்கு அதோட பழம் உங்க கூரையில விழாது, பக்கத்து வீட்டுக்காரன் மண்டையில விழும்."

"பரவால்ல."

"ஒங்களுக்குப் பரவால்ல. அவனுக்கு?"

கடைசியில் டுரியானும் ஏறியது. மா, பலா, கொய்யா, சிக்கு, ரம்புத்தான், ஜம்பு, மங்குஸ்தீன், டுக்கு, டுரியான். "ஒம்போது ஆச்சு. நவகிரகம் மாதிரி சுத்தி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மனோகரன் சிரிக்காததால் காளிதாஸ் வேலை விஷயத்துக்கு வந்தார். மாங்கன்றின் தண்டில் ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி நிறைய சொன்னார். இது ஒட்டுக் கன்று. மேலே இருப்பது சொக்கானன், தேனாக இனிக்கும். கீழே வேரோடு இருப்பது ஏதோ ஒரு காட்டுப் புளிப்பு மா. அது சும்மா தாங்குவதற்கு. நாடாவுக்குக் கீழே எது முளைத்தாலும் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது. மனோகரன் தலையாட்டினார். ஆகஸ்டிலிருந்து அவர் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார், மருத்துவமனைத் தாதிக்கு, பூசாரிக்கு, கிடங்கு மேலாளருக்கு. ஆட்டும்போது காதில் எதுவும் விழுவதில்லை.

ஞாயிறும் திங்களும் குழி தோண்டினார். சைக்கிளும் வாஷிங் மெஷினும் பழைய இரும்புக்காரனோடு போயின. பத்தடி நிலத்தில் ஒன்பது கன்றுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சபை கூடியது போல நெருங்கி நின்றன.

அதற்குப் பிறகு மனோகரனின் வாழ்க்கை என்று சொல்ல இருப்பதெல்லாம் இதுதான். காலையில் குளிர்க்கிடங்கு. மாலையில் தண்ணீர்க் குழாய். ஆறு மணிக்கு அதைக் கையில் பிடித்தால் ஏழு மணி வரை நிற்பார். எதிர்வீட்டுச் சீனர் இரண்டொரு தரம் உரம் கொடுத்தார். நல்ல உரமா என்று மனோகரனுக்குத் தெரியாது; போட்டார். செடிகளோடு பேசுகிறவர்கள் உண்டு. அவர் பேசவில்லை. ஒன்று உயரமாக வளர்ந்தால் பார்ப்பார். வாடினால் அதையும் பார்ப்பார். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

முதலில் டுரியான் போனது. மழை பெய்து நான்கு நாள் நீர் தேங்கியதில் வேர் அழுகிவிட்டது. மங்குஸ்தீன் ஒன்பது இலையோடு நின்றது. அடுத்த வருடமும் ஒன்பது இலைதான். ஜம்புவை எறும்பு பிடித்தது. மாங்கன்று நட்ட இரண்டாம் மாதம் மேல்பாதி இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. கீழே, நாடாவுக்கும் கீழே, ஒரு தளிர் செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று கிளம்பி வந்தது. மனோகரன் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். மேலே இருந்த குச்சியை வெட்டிப் போட்டார். கீழே இருந்ததற்குத் தண்ணீர் ஊற்றினார்.

எல்லை திறந்த பிறகு லோஷினி மாதம் ஒரு முறை வந்தாள். சாமான் வாங்கி அடுக்கினாள், அவருடைய இரத்த அழுத்த மாத்திரையை நாள்வாரியாகப் பெட்டியில் போட்டாள், சட்டையில் பொத்தான் தைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. தீபாவளிக்கு முந்திய நாள் மட்டும் அவளுக்கு எப்படியோ டியூட்டி வந்துவிடும்.

இரண்டாம் வருடம் கொய்யா காய்த்தது. படத்தை அனுப்பினார். 'அம்மாவுக்குக் கொய்யா பிடிக்குமா?' என்று பதில் வந்தது. 'தெரியல. காய்ச்சிருக்கு' என்று எழுதினார். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. மூன்றாம் வருடம் சிக்கு. நான்காம் வருடம் ஏழெட்டு ரம்புத்தான். ஒவ்வொரு வருடமும் இலையில் வைத்தார், கற்பூரம் காட்டினார், தனியாக விழுந்து கும்பிட்டார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். படைத்ததைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். இனிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. தனத்தின் படத்தைப் பார்த்தால் இதுவா என்று கேட்கத் தோன்றும். அது கோயில் திருவிழாவில் எடுத்த படம். நாலு பேர் நிற்கிற படத்திலிருந்து வெட்டி எடுத்தது, அதனால் தோளில் யாருடைய கையோ பாதி தெரியும். எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லாத முகம். பிடித்திருக்கிறது என்றும் சொல்லாத முகம்.

தனம் வேலை செய்த ஃபேக்டரியிலிருந்து அவளுடைய லாக்கரில் இருந்தவற்றை ஒரு பையில் போட்டு எப்போதோ அனுப்பியிருந்தார்கள். ரப்பர் செருப்பு, நீலத் தொப்பி, ஒரு குட்டி பிளாஸ்டிக் குப்பி. குப்பியின் அடியில் சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ தூள் கட்டியாக ஒட்டியிருந்தது. என்ன மருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னிடம் சொல்லாமல் எதற்கோ மருந்து சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து, அதைத் தன் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தினம் காலையில் மாத்திரை எடுக்கும்போது அது கண்ணில் படும்.

ஐந்தாவது படையலுக்கு முந்திய மாதம்தான் மா காய்த்தது. அந்தப் பத்தடியில் நன்றாக வந்த மரம் அது ஒன்றுதான். மதிலுக்கு மேலே கிளை விரித்து, சின்னச் சின்னதாக, கல் மாதிரிக் காய்கள். பழுக்கும் என்று பார்த்தார். ஒரு காய் மஞ்சள் கண்டதும் பறித்துச் சாப்பிட்டார். நார் பல்லில் சிக்கியது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தேனாக இனிக்கும் என்று சொன்னவரிடமே கேட்போம் என்று இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

காளிதாஸ் ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினார்.

"அலமாக். இது எங்க பறிச்சதுண்ணே?"

"நீங்க கொடுத்த கன்னு. சொக்கானன்."

"சொக்கானனோட சொந்தக்காரன்கூட இல்ல இது." கைப்பேசியில் மனோகரன் எடுத்து வைத்திருந்த மரத்தின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடிமரத்தைப் பெரிதாக்கினார். "ஒட்டுக்குக் கீழ வந்தத கிள்ளச் சொன்னேனே."

"மேல காஞ்சிருந்துச்சு. அதை வெட்டிட்டேன்."

"காஞ்சிருக்காது. தூங்கிக்கிட்டு இருந்திருக்கும்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லதை வெட்டிப் போட்டுட்டு நாலு வருஷமா அடிமரத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கீங்க."

"போகப்போக இனிக்காதா?"

"சீனி மூட்டையில நட்டாலும் இனிக்காதுலா. வெட்டிருங்க. வேற தர்றேன், காசு வேணாம்."

மனோகரன் தலையாட்டினார். இந்தத் தடவை காதில் விழுந்திருந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏணியைச் சாத்தி ரம்பத்தோடு ஏறினார். முதல் கிளை மதிலுக்கு இந்தப் பக்கம் காயோடு விழுந்தது. அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கிளையில் ரம்பத்தை வைத்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குரல்.

"அண்ணே, இது தனம் வீடுதானே?"

தலையில் துடோங் முக்காடு, கையில் கறிபாப் வாசனை வீசும் ஒரு பை. மனோகரன் ஏணியில் இருந்தபடியே ஆமாம் என்றார்.

"நான் மீரா பீவி. தனமும் நானும் ஒரே லைன். ஃபேக்டரி பஸ்ல பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டு. லாக்டவுனுக்கு முந்தியே மகன் அஹ்னாஃப் ஜொகூர் பாருவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டான். இப்பத்தான் திரும்பி வந்திருக்கோம். தனம் போன சேதியே எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்." பையை மறு கைக்கு மாற்றினாள். "துக்கம் கேக்க நாலு வருஷம் கழிச்சு வர்றேன். கோவிச்சுக்காதீங்க."

மனோகரன் இறங்கி வந்து கேட்டைத் திறந்தார். மீரா என்ற பெயரைத் தனம் சொல்லிக் கேட்டிருக்கிறார். மீரா இப்படிச் சொன்னா, மீரா அப்படிச் சொன்னா என்று. அவர் தலையாட்டியிருப்பார்.

மீரா பீவி உட்காரவில்லை. விழுந்து கிடந்த கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து ஒரு காயைப் பறித்து, காம்பை முகர்ந்தாள்.

"இத ஏன் வெட்டுறீங்க?"

"புளிப்பு. பிரயோஜனமில்ல."

"புளிப்பா?" என்றாள். அவள் குரல் மாறியது. "தனம் மட்டும் இத கேட்டிருந்தா உங்க கையிலருந்து ரம்பத்தப் பிடுங்கியிருக்கும்."

மனோகரன் அவளைப் பார்த்தார்.

"என்னண்ணே, தெரியாத மாதிரி பாக்குறீங்க. புளிப்பு மாங்கான்னா அதுக்குச் சோறு தண்ணி வேணாம். பசார்ல திங்கக்கிழமை வாங்கினா வெள்ளிக்கிழமை வரைக்கும் மடியில வச்சு நறுக்கும். இனிப்பு மாங்கா கொடுத்தா, இத நீயே தின்னுன்னு சொல்லும். மொதக் கடிக்கு எடது கண்ண இறுக்கி மூடிக்கும், தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறிடும். அந்த மூஞ்சியப் பாக்குறதுக்கே முன் சீட்டுக்காரிங்க திரும்புவாளுங்க. அத்தனை புளிப்பா இருந்தா துப்பேன்டின்னா, துப்பாது."

"வீட்டுல சாப்பிட்டதே இல்லையே," என்றார் மனோகரன்.

"எப்படிச் சாப்பிடும்? உங்களுக்குத்தான் வயித்துல புண்ணு. நீங்க ஒரு காலத்துல மாங்கா பைத்தியமாமே. ஒரு தடவ ரத்தமா வாந்தி எடுத்தீங்களாம். டாக்டரு புளிப்ப நிறுத்தச் சொன்னதிலருந்து வீட்டுக்குள்ள மாங்கா வாசமே வரக் கூடாதுன்னு வச்சிருச்சு. நான் தின்னா அவரும் கேப்பாரு, குடுக்காம இருக்க முடியாது, பஸ்ஸோட சரின்னு சொல்லும். இறங்குறதுக்கு முந்தி கைய முகந்து பாத்துட்டு ஈரத்துணியால தொடைக்கும்."

ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த பச்சைத் தூளில் ஓர் எறும்பு ஏறிப் போனது. முப்பத்து நான்கு வயதில் அவருக்கு அந்த வாந்தி வந்தது உண்மை. அதற்கு முன்னால் மாங்காய் தின்றதும் உண்மை. அதன் பிறகு வீட்டில் ரசத்தில் புளி குறைந்தது, ஊறுகாய் ஜாடி காணாமல் போனது. சமையல் தானாக மாறிவிட்டது போல அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மாற்றியது ஒரு ஆள் என்று தோன்றியதே இல்லை.

உள்ளே போய் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த குப்பியைக் கொண்டுவந்தார்.

"இது என்ன மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மீரா பீவி மூடியைத் திறந்து முகர்ந்தாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"மருந்தில்லண்ணே. உப்பு, மிளகாத்தூளு, ஒரு சிட்டிக சீனி. எங்க ரெண்டு சீட்டுக்கும் இதுதான்."

துடோங்கின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனோகரன் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அழ வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. மாவாட்டும் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்பது போல அது எங்கோ கேட்டது, இங்கே வரவில்லை. கறிபாப்பைத் தட்டில் வைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவள் போகும்போது விழுந்த கிளையிலிருந்த காய்களையெல்லாம் பறித்து அவள் பையில் போட்டார். ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினார்.

மத்தியானம் லோஷினியைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"என்னப்பா, உடம்புக்கு முடியலையா?"

"தெரிஞ்சிருச்சு."

"என்ன தெரிஞ்சிருச்சு?"

"அம்மாவுக்குப் புளிப்பு மாங்கா. உப்பு, மிளகாத்தூள் போட்டு."

அந்தப் பக்கம் பேருந்து ஒன்று கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மகள் பேருந்தைத் தவறவிடுகிறாள் என்று அவருக்குப் பட்டது.

"யாரு சொன்னா?"

மீரா பீவி சொன்னதை அவரால் முடிந்த அளவு சொன்னார். வாந்தி எடுத்ததையும் சொன்னார். துடைத்த கையைச் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் கைப்பேசியில் பேசியதில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியாதுப்பா. அன்னிக்கு உங்கள கேட்டப்பவும் எனக்குத் தெரியாது. நானும் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் வரல. அதான் உங்க மேல..." பேச்சை மாற்றினாள். "மரத்துல இன்னும் காய் இருக்கா?"

"இருக்கு. ஒரு கிளைதான் வெட்டினேன்."

"மிச்சத்த வெட்டாதீங்க. அடுத்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை தானே படையல்? வர்றேன்."

படையல் அன்று லோஷினி, சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் என்று மூன்று முறை சேதி அனுப்பிவிட்டு, ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் பக்கவாட்டு நிலத்துக்குப் போய் மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது. எட்டுகிற உயரத்தில் நான்கு காய்களை அவளே பறித்தாள். இலை போட்டார்கள். மனோகரனின் அப்பாவுக்கு ஸ்டவுட், அவருடைய அம்மாவுக்கு நெத்திலி. தனத்தின் இலையில் மாங்காய். நறுக்க வேண்டாம் என்றாள் லோஷினி. அம்மா தானே நறுக்கிக்கொள்ளும் பழக்கம் என்று மீரா பீவி சொன்னதை வைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கத்தியை வைத்தாள். மனோகரன் குப்பியை வைத்தார். பழைய தூள் போகட்டும் என்று புதிதாக உப்பும் மிளகாயும் போடப் போனாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கற்பூரம் எரிந்து முடியும் வரை வீட்டுக் கதவைச் சாத்தி இருவரும் வெளியே நின்றார்கள், செத்தவர்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்பதால். வாசலில் நின்றபடி எதிர்வீட்டுச் சீனர் போட்டிருந்த விளக்கைப் பார்த்தார்கள். லோஷினி மூன்று தரம் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

படைத்ததைப் பங்கு வைத்தார்கள். மனோகரன் கத்தியை எடுத்து மாங்காயைச் சீவினார். குப்பியைத் தலைகீழாகத் தட்டி, அடியில் கட்டியிருந்ததைக் கத்தி முனையால் பெயர்த்துத் தட்டில் உதிர்த்தார். ஒரு துண்டைத் தொட்டு வாயில் போட்டார்.

"உங்களுக்கு ஆகாதுப்பா."

"ஒரு துண்டுதான்."

நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் கூசியது. கீழ்வரிசை முழுக்க, வேர் வரைக்கும் கூசியது. அவர் மெல்வதை நிறுத்திவிட்டு அதைக் கவனித்தார்.

"எனக்கு ருசி தெரியறதில்ல," என்றார். "கோவிட்டுலருந்தே."

லோஷினி அவரைப் பார்த்தாள். "நாலு வருஷமாவா? சொல்லவே இல்ல."

"கேக்கல யாரும்." குற்றம் சொல்வது போல அவர் அதைச் சொல்லவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ சாப்பிட்டுச் சொல்லு. ரொம்பப் புளிக்குதா?"

அவள் பெரிய துண்டாக எடுத்துக் கடித்தாள். இடது கண் இறுக மூடியது. தோள் இரண்டும் மேலே ஏறின. கையால் மேசையை ஒரு தட்டு தட்டினாள். துப்பவில்லை.

"ரொம்பப்பா," என்றாள் வாயை மூடிக்கொண்டே.

மனோகரன் அந்த முகத்தைப் பார்த்தார். அது மெல்ல இறங்கி, பழையபடி மகளின் முகமாகும் வரை பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து இன்னொரு துண்டு நறுக்கி, தூளில் தொட்டு அவளிடம் நீட்டினார்.